மூணு டப்பா மாத்திரை: ஒவ்வொன்றாகவா, பாதி பாதியாகவா, ரெடிமேடாகவா?

குரூப் 2-க்குப் படிக்கிற பையன், ராத்திரி ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) கொடுத்தனுப்பிய டப்பாவோடு வரும் கீழக்கரைக் கல்லூரி மாணவர் என்று யார் வந்தாலும் ராமநாதபுரத்தில் எங்கள் மருந்துக்கடைக் கவுண்டரில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். "அண்ணே, இதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டா எது எவ்வளவு எடுக்கணும்?" ஞாபகசக்திக்கு ஒன்று, கவனத்துக்கு ஒன்று, டென்ஷன் குறைய ஒன்று என்று மூன்று டப்பா கையில் இருக்கும். மூன்றிலும் தனித்தனியாக டோஸ் போட்டிருக்கும், சேர்த்தால் என்ன செய்வது என்று ஒன்றிலும் போட்டிருக்காது.

டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது காஃபினும் தியானினும், நீர்ப்பிரமி எக்ஸ்ட்ராக்ட் (மூலிகையிலிருந்து செறிவாகப் பிரித்த சத்து), அஸ்வகந்தா என்கிற அமுக்கரா, ஜிம்முக்குப் போகிறவர்கள் தசைக்காக எடுக்கும் கிரியேட்டின், மீன் எண்ணெய். எப்போதாவது ஜிங்கோ என்கிற மரத்தின் இலைச் சத்து. இவற்றைச் சேர்க்க ஆட்கள் மூன்று வழியோடு வருகிறார்கள். எல்லாவற்றையும் பாதியாக்கி ஒரே நாளில் ஆரம்பிப்பது, ஒவ்வொன்றாக ஆரம்பித்து அடுத்ததைச் சேர்ப்பது, எல்லாம் கலந்த ஒரே கேப்சூலை வாங்கிவிடுவது. என் ஓட்டு இரண்டாவதற்கு, அதுவும் இரண்டு பொருளோடு நிறுத்திக்கொண்டால். ஆனால் மற்ற இரண்டும் சுத்தமாக வேண்டாதவை என்றும் சொல்ல மாட்டேன்.

பாதி பாதி வழி கேட்கும்போது ஜாக்கிரதையானதாகத்தான் தெரியும். மூன்று பொருள் சேர்கிறது, அதனால் எல்லாவற்றையும் குறைப்போம் என்பது கணக்கு. சிக்கல் என்னவென்றால், டோஸைக் குறைக்க வேண்டியது ஒரே பக்கம் இழுக்கிற பொருட்களுக்குத்தான். காஃபின் மாத்திரையும் காபியும் ஒரே பக்கம் இழுக்கின்றன, அங்கே குறைக்கத்தான் வேண்டும். கிரியேட்டினும் நீர்ப்பிரமியும் வேறு வேறு வேலை செய்கின்றன, இரண்டையும் சேர்த்ததற்காகப் பாதியாக்கினால் இரண்டும் போதாமல் போவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. நீர்ப்பிரமியைப் பற்றிய ஆய்வுகளில் அதிகம் பார்த்திருப்பது நாளொன்றுக்கு 300 மி.கி. எக்ஸ்ட்ராக்டை, அதையும் 12 வாரம் போலத் தொடர்ந்து கொடுத்துத்தான். அதில் 150 மி.கி. எடுத்து ஒரு மாதத்தில் "ஒண்ணும் தெரியலையே" என்று டப்பாவை மூடி வைப்பவருக்கு, அது தனக்கு வேலை செய்யாத பொருளா, இல்லை டோஸும் நாளும் பற்றவில்லையா என்று கடைசி வரை தெரியாது, காசு மட்டும் போயிருக்கும்.

இன்னொரு தொல்லை, எல்லாம் ஒரே நாளில் ஆரம்பிப்பது. மூன்றாம் நாள் வயிறு கலங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பிரமி குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரக்கூடியது, மெக்னீசியம் தரும், கிரியேட்டின் மொத்தமாகப் போட்டால் தரும், வெறும் வயிற்றில் காஃபின் தரும். எதை நிறுத்துவீர்கள்? எல்லாவற்றையும்தான் நிறுத்துவீர்கள், அப்புறம் முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஆரம்பிப்பீர்கள். இதற்கு அந்த இரண்டாவது வழியை முதலிலேயே எடுத்திருக்கலாம்.

பாதியாக்குவது சரியாகப் பொருந்துகிற இடம் காஃபின். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் டப்பாவில் இருக்கிற காஃபினை மட்டும் எண்ணிவிட்டுக் கிளாஸில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் சொன்ன அளவு, ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் முழுக்க 400 மி.கி. வரை, ஒரே தடவையில் 200 மி.கி. வரை. கர்ப்பிணிகளுக்கு நாளுக்கே 200 தான். டீக்கடை டீ ஒரு கிளாஸில் முப்பது நாற்பது மி.கி. இருக்கலாம், ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் கெட்டியைப் பொறுத்து அறுபதிலிருந்து நூறு வரை போகும், சிக்கரி அதிகம் கலந்த தூள் என்றால் குறையும், சிக்கரியில் காஃபின் கிடையாது. கருப்பட்டி போட்ட சுக்கு மல்லிக் காபியில் காபித்தூள் சேர்க்காவிட்டால் காஃபின் பூஜ்யம். எனர்ஜி டிரிங்க் 250 மி.லி. கேனில் பொதுவாக 75 மி.கி. போல. ஜிம்முக்குப் போகிறவர் குடிக்கும் ப்ரீ வொர்க்கவுட் தூளில் ஒரு ஸ்கூப்பிலேயே 200 இருக்கலாம். சில தலைவலி மாத்திரைகளிலும் உண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் கூட்டிப் பார்த்தால், காலையில் இரண்டு காபி, ஜிம்மில் ஒரு ஸ்கூப், சாயங்காலம் இரண்டு டீ என்று இருக்கிறவர் 200 மி.கி. மாத்திரையை வாங்க வேண்டியதே இல்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

"தியானின் சேர்த்தா காஃபின் படபடப்பு அடங்கிடும், அதனால கூடக் குடிக்கலாம்" என்று ஒரு கதை ஓடுகிறது. தியானின் தேயிலையில் இயல்பாக இருக்கும் அமினோ அமிலம், 1949 இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள். கவனத்தைப் பரிசோதித்த ஆய்வுகள் சிலவற்றில் கொடுத்த அளவைப் பாருங்கள்: காஃபின் 40, 50 மி.கி., தியானின் 100 மி.கி. பக்கம். அதாவது காஃபின் பங்கு ஒரு கிளாஸ் டீக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தியானின் படபடப்பைக் கொஞ்சம் தணிக்கலாம், காஃபினை ரத்தத்திலிருந்து வெளியேற்றாது, தூக்கத்தைத் திருப்பியும் தராது. கடையில் கிடைக்கும் மாத்திரைகளில் காஃபின் 200 என்று இருந்தால், நடுவில் கோடு போட்ட மாத்திரையாகப் பார்த்து வாங்கிப் பாதியாக உடைத்து, அந்த நேரத்துக் காபியை விட்டுவிடுங்கள். கேப்சூலை உடைக்க முடியாது, அதைத் திறந்து கண்ணளவில் பாதி கொட்டுவது கணக்கில் சேராது. தூய காஃபின் தூளை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள். ஒரு தேக்கரண்டி சுமார் 28 கப் காபிக்குச் சமம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்திருக்கிறது, வீட்டுக் கரண்டியால் அளக்கிற சமாச்சாரமே அல்ல.

ஆளுக்கு ஆள் இது மாறவும் செய்யும். காஃபினில் பாதி உடலை விட்டுப் போகச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும், சிகரெட் பிடிப்பவருக்கு வேகமாகப் போகும், கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு மெதுவாகப் போகும். சிகரெட்டை நிறுத்திய வாரத்தில் வழக்கமான காபியே கையை நடுங்க வைக்கிறது என்பவர்களுக்குக் காரணம் இதுதான், அப்போது காபியையும் குறைக்க வேண்டும். வயிற்றுக்கோளாறுக்கு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதியிருந்தால் அந்த நாட்களிலும் காஃபின் உடலில் நீண்ட நேரம் தங்கும், மாத்திரைக் காஃபினை நிறுத்தி வையுங்கள்.

எதிர்ப்பக்கம் இழுப்பவை தூக்கக் கூட்டம். அஸ்வகந்தா, மெலட்டோனின், சளிக்கும் அலர்ஜிக்கும் எடுக்கும் மாத்திரைகள், படகில் போகும்போது வாந்தி வராமல் போட்டுக்கொள்ளும் மாத்திரை எல்லாம் இதில் வரும். தனித்தனியாகப் பார்த்தால் சாது, சேர்ந்தால் மறுநாள் காலையிலும் தலை கனக்கும். சாயங்கால அஸ்வகந்தாவோடு ஒரு அலர்ஜி மாத்திரையும் போட்டுவிட்டு ஈசிஆரில் தொண்டி வரை பைக் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிலர் காலையில் காஃபினைக் கூட்டி, அதைச் சமாளிக்க ராத்திரி அஸ்வகந்தாவைக் கூட்டி, மறுநாள் மந்தத்துக்கு மறுபடி காஃபினைக் கூட்டுகிறார்கள். அங்கே சரிசெய்ய வேண்டியது மதியத்துக்கு மேல் குடிக்கும் காபி, வேறொன்றும் இல்லை.

அஸ்வகந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும், நம்ம ஊர் வேர்தானே என்று ஆட்கள் அலட்சியமாக இருப்பதால். தைராய்டு அளவைக் கூட்டக்கூடியது, கல்லீரல் பாதிப்பு அரிதாக வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, டென்மார்க் 2023 இல் தடையே செய்தது. தைராய்டு மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணி, கல்லீரல் கோளாறு உள்ளவர் இதைத் தொட வேண்டாம். அளவிலும் குழப்பம் உண்டு. ஆய்வுகளில் வருவது வேர் எக்ஸ்ட்ராக்ட், 300 மி.கி. இரண்டு வேளை போல. நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் வெறும் வேர்ப்பொடி கிராம் கணக்கில் எடுப்பது. அமுக்கரா சூரணம் என்று வாங்கினால் அதில் மிளகு, திப்பிலி, சுக்கு என்று வேறு சரக்கும் இருக்கும். இந்த மூன்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பாதியாக்கினால் எதில் பாதி என்றே தெரியாது. நீர்ப்பிரமிக்கும் இதே கதை, அதோடு லேபிளில் வெறும் பிராமி என்று போட்டிருந்தால் உள்ளே நீர்ப்பிரமியா வல்லாரையா என்று பாருங்கள், பக்கோபா மொன்னியெரி என்று இருந்தால்தான் அது நீர்ப்பிரமி.

ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் கூட்டம் சிறியது, ஆனால் விளையாட்டில்லை. ஜிங்கோ, அதிக டோஸ் மீன் எண்ணெய், அத்தோடு ஆஸ்பிரின் அல்லது வார்ஃபரின். இதய மாத்திரை எடுக்கும் அப்பா அம்மாவுக்கு "மறதிக்கு நல்லது" என்று ஜிங்கோ வாங்கிக் கொடுப்பவர்கள், 2008 இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில் நாளுக்கு 240 மி.கி. கொடுத்தும் மறதி நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்ததையும் சேர்த்து யோசியுங்கள். நான் எந்தக் கலவையிலும் அதைச் சேர்க்கச் சொல்வதில்லை.

வைட்டமின்கள் வெறும் கூட்டல். மல்டிவைட்டமினில் பி6, எனர்ஜி மாத்திரையில் பி6, மூளை கேப்சூலிலும் பி6. ஐரோப்பாவில் 2023 இல் இதன் நாள் உச்சவரம்பை 12 மி.கி. ஆக இறக்கினார்கள், அதிக அளவு நீண்ட நாள் போனால் கை கால் மரத்துப்போகும். டாக்டர் எழுதிய வாரம் ஒரு தடவை 60,000 யூனிட் வைட்டமின் டி ஓடிக்கொண்டிருக்கும்போது டி கலந்த வேறு டப்பா வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் பெண்கள் டீயோடு சேர்த்து எடுக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளி எடுங்கள், டீ இரும்பை உடலில் சேரவிடாது. ரத்தசோகையோடு உட்கார்ந்து படித்தால் எந்த நூட்ரோபிக்கும் (மூளைத்திறன் கூடும் என்று எடுக்கும் பொருள்) கைகொடுக்காது, அதைச் சரிசெய்வதே பெரிய வித்தியாசம் காட்டும்.

சரி, ஒவ்வொன்றாக என்கிற வழிக்கு வருவோம். இதன் குறை நேரம். ஒரு பொருளை ஆரம்பித்து இரண்டு வாரமாவது விட்டுத்தான் அடுத்தது, அதனால் நாலு டப்பா வைத்திருப்பவருக்கு இரண்டு மாதம் ஓடிவிடும். ஆனால் எது வேலை செய்தது, எது தொல்லை தந்தது என்று கையில் பதில் இருக்கும். வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் எதையும் சேர்க்காமல் இருக்கிற காஃபினை மட்டும் எண்ணி ஒழுங்குபடுத்துங்கள். அப்புறம் மெதுவாக வேலை செய்யும் ஒன்றை, அதாவது நீர்ப்பிரமி அல்லது கிரியேட்டினை, பாதியில் சில நாள் வயிற்றைப் பார்த்துவிட்டு முழு டோஸுக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் கூட்டிக் குறைக்க வேண்டியது காஃபினை மட்டும்தான். மெதுவாக ஏறும் பொருளை இன்று படிப்பு ஓடவில்லை என்று நாளைக்கு இரட்டிப்பதில் அர்த்தமே இல்லை, ஆனால் அதிகம் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

கிரியேட்டினில் நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும், ஆரம்பத்தில் சில நாள் 20 கிராம் போடுகிற லோடிங் தேவையில்லை. 2003 இல் ஆஸ்திரேலியாவில் சைவ உணவுக்காரர்களுக்கு ஆறு வாரம் 5 கிராம் கொடுத்தபோது நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் 2024 இல் அதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மூளைத்திறனுக்கான ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது, அதனால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். மீன், கறி சாப்பிடுபவருக்கு உணவிலிருந்தே கொஞ்சம் கிடைக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கம் தினம் மீன் குழம்பு சாப்பிடுகிறவரைவிட வீட்டில் மீனே எடுக்காதவருக்கு இதில் பலன் தெரிய வாய்ப்பு கூட. எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சிறுநீரகத்தைப் பார்க்க அளக்கும் ‘கிரியேட்டினின்’ (creatinine) என்கிற வேறொரு பொருளின் அளவு கூடிக் காட்டும். சிறுநீரகத்தில் ஏற்கனவே கோளாறு இருந்தால் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மீன் எண்ணெயை இந்தக் கடற்கரையில் காசு கொடுத்து வாங்குவதுதான் எனக்கு ஆச்சரியம். 1000 மி.கி. என்று போட்ட சாதாரண கேப்சூலில் உண்மையான ஒமேகா-3, அதாவது இபிஏ 180, டிஎச்ஏ 120 சேர்த்து 300 மி.கி. தான், மீதி வெறும் எண்ணெய். மத்தியோ சூடையோ வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பு வைக்கிற வீட்டில் கேப்சூல் தேவையே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, விலை ஏறும், ஆனாலும் நாட்டுப்படகுச் சூடை சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கும். அப்படியும் கேப்சூல்தான் என்றால், நம் வெயிலில் ஜன்னலோரம் வைத்த டப்பாவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வெட்டினால் கெட்டுப்போன கருவாட்டு வாடை அடிக்கிற கேப்சூலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, ரெடிமேட் கேப்சூல். காலையில் ஒன்று போட்டால் முடிந்தது, விலையும் தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாக வரலாம். ஆனால் டோஸை மாற்றுவது என்ற பேச்சே இதில் கிடையாது. உதாரணத்துக்கு ஒரு கேப்சூலில் நீர்ப்பிரமி 100, காஃபின் 100 மி.கி. இருக்கிறது என்று வையுங்கள். நீர்ப்பிரமி 300 வேண்டுமென்றால் மூன்று கேப்சூல், காஃபினும் கூடவே 300 ஆகிவிடும், அதுக்கு மேல் வீட்டுக் காபி வேறு. காஃபினைக் குறைக்க ஒன்றாக்கினால் நீர்ப்பிரமி 100 க்கு இறங்கிவிடும். பத்துப் பதினைந்து பொருள் எழுதிய டப்பாக்களில் ஒவ்வொன்றும் பேருக்குத்தான் இருக்கும். மொத்தக் கலவை இத்தனை மி.கி. என்று மட்டும் போட்டு, உள்ளே எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத வெளிநாட்டு டப்பாவை நான் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்வேன், அது எவ்வளவு பாசத்தோடு வந்திருந்தாலும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள், பைப்பரின். மிளகிலிருந்து எடுப்பது, மற்றவை நன்றாக உறிஞ்சப்படட்டும் என்று சேர்க்கிறார்கள். 1998 இல் பெங்களூரில் செய்த ஆய்வில் 20 மி.கி. பைப்பரினோடு கொடுத்த மஞ்சள் சத்து ரத்தத்தில் பல மடங்கு ஏறியது. அந்த வேலையை அது மஞ்சளோடு நிறுத்திக்கொள்ளாது. வலிப்புக்கு ஃபெனிடாயின், பிபிக்கு ப்ரோப்ரனலால் எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவும் ரத்தத்தில் கூடலாம், லேபிளில் கணக்குப் போட்டதும் உடம்பில் நடப்பதும் வேறாகிவிடும். ரசத்தில் போடும் மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம், எக்ஸ்ட்ராக்டைச் சொல்கிறேன்.

ரெடிமேட் ஒத்துவருகிற ஒரே இடம், இரண்டே பொருள் உள்ள மாத்திரை. காஃபின் தியானின் சேர்ந்தது அப்படி ஒன்று. இங்கே வாங்கினால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிராசிட்டம், மொடாஃபினில் பற்றிக் கேட்பவர்களுக்கு. நூட்ரோபிக் என்ற பெயரே பிராசிட்டத்தை வைத்து 1972 இல் வந்ததுதான், ஆனால் இரண்டும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகள், சிறுநீரகம், கருத்தடை மாத்திரை, மற்ற மருந்துகளோடெல்லாம் மோதக்கூடியவை. மேலே சொன்ன எந்தக் கணக்கும் அவற்றுக்குச் செல்லாது. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் 5-எச்டிபி போன்றவற்றையும் தாமாகச் சேர்க்க வேண்டாம், ஆபத்தானது. 18 வயதுக்குக் கீழே இருக்கும் நீட் பிள்ளைகளுக்கு இந்த டப்பா எதுவும் வேண்டாம் என்பது என் கறாரான பதில், அப்பாமார் எவ்வளவு கேட்டாலும்.

இனி, யாருக்கு எது. தேர்வுக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக வழியில் நீர்ப்பிரமி 300 சாப்பாட்டோடு, காஃபின் அளவாக, தேவைப்பட்டால் தியானின். ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் நீர்ப்பிரமிக்கு நேரமில்லை, காஃபினையும் தியானினையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற காசுக்கு மீனும் முட்டையும் வாங்குங்கள். ராத்திரி ஷிப்ட் ஆளுக்கு ஷிப்ட்டின் முதல் பாதியில் சின்னச் சின்ன டோஸ், வீடு திரும்பித் தூங்க ஆறு மணி நேரம் இருக்கும்போதே கடைசிக் கிளாஸ். ஏற்கனவே பிபி, சுகர், தைராய்டு மாத்திரை இருப்பவர் எந்த வழியையும் எடுக்கும் முன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்தார் நோன்பு மாதத்தில் கேட்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்ப்பிரமி, கிரியேட்டின் இரண்டும் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு எடுத்தால் போதும், பகலில் விட்ட டோஸை ராத்திரி இரட்டிக்கத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது காஃபின். திடீரென்று நின்றால் 12 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி ஆரம்பித்துச் சில நாள் படுத்தும், முதல் நோன்புகளில் வரும் தலைவலியில் இதற்கும் பங்கு உண்டு. அதனால் பிறை பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்னாடியிருந்தே பகல் கிளாஸை ஒவ்வொன்றாகக் குறைத்துவிட்டு, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹரில் ஒரு கிளாஸ் டீயும் நிறையத் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். 200 மி.கி. மாத்திரையை சஹரில் போடுகிறவர்கள் அந்த மாதம் அதை டப்பாவிலேயே விட்டுவிடலாம். ராத்திரித் தொழுகையான தராவீஹ் முடிந்து வந்து போடுவதும் வேண்டாம், சஹருக்கு எழுவதற்குள் கிடைக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும்.